தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை: பாடசாலையில் இருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஆசிரியர் ஓய்வறையில் இந்தப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "லவ் பிரச்சினையாக இருக்கும்" என்பது ஒன்று. "நாலு பேர் பார்க்கவேண்டும் என்றுதான் செய்கிறது" என்பது மற்றது. அதற்குள் மணி அடித்துவிடும். எல்லோரும் வகுப்புக்குப் போய்விடுவார்கள். கையில் காயத்தோடு வந்த பிள்ளையும் அடுத்த பாடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

மட்டக்களப்பில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையாக இருந்தேன். அப்புறம் கல்முனைப் பக்கமும் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். அந்த இரண்டு பதில்களையும் ஆரம்பத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கக் கேட்கத்தான் இரண்டுமே எவ்வளவு தூரம் பிழை என்று விளங்கியது. இதை மனநலம் படித்தவர்களுக்காக எழுதவில்லை. அதிபர், வகுப்பாசிரியர், நூலகர், சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்கா, வாசலில் நிற்கும் காவலாளி எல்லோருக்குமாக எழுதுகிறேன். பிள்ளை தன் கையை முதலில் யாரிடம் காட்டும் என்று யாராலும் சொல்லமுடியாது.

எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லவில்லை

சாகும் நோக்கம் இல்லாமல், தாங்கமுடியாத மனவேதனையைத் தணிப்பதற்காக ஒருவர் வேண்டுமென்றே தன் உடலைக் காயப்படுத்துவதைத் தன்காயப்படுத்தல் என்கிறோம். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிப்பவரையும் நேர்த்திக்காக அலகு குத்துபவரையும் இதில் சேர்ப்பதில்லை. அது ஊரறிய, நம்பிக்கையோடு செய்வது. தன்காயப்படுத்தல் பெரும்பாலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பது.

இது அதிகமாகத் தொடங்குவது 12 முதல் 14 வயதுக்குள். தரம் 7, 8, 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வளரிளம் பருவத்தினர் 100 பேரில் ஏறத்தாழ 17 பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை 40 பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்புக்குப் பொருத்தினால் ஆறேழு பேர். நம் ஊர்க் கணக்கு கூடவோ குறையவோ இருக்கலாம், ஆனால் "எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி யாரும் இல்லை" என்று சொல்ல எந்த அதிபருக்கும் இடமில்லை.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்பதும் பிழை. கோபத்தில் சுவரில் குத்திக் கை வீங்கி வரும் பையனைச் சண்டியன் என்று சொல்லி ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்புகிறோம். அவனும் இதே பிள்ளையாக இருக்கலாம்.

குளக்கட்டில் ஒரு கசிவு

மாரி தொடங்கினால் நம் ஊரில் எல்லோரும் கேட்கும் செய்தி உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டம்தான். அம்பாறைப் பக்கம் என்றால் சேனநாயக்க சமுத்திரம். மட்டம் ஏறினால் வான்கதவைத் திறக்கிறார்கள். தண்ணீர் அதற்கென்று உள்ள வழியால் போகிறது, கட்டு தப்புகிறது.

ஒரு சின்னக் குளத்தை நினைத்துப் பாருங்கள். மழை விடாமல் பெய்கிறது. வான்கதவு துருப்பிடித்து இறுகிவிட்டது. தண்ணீர் என்ன செய்யும்? கட்டில் பலவீனமான இடத்தைத் தேடிக் கசியும். கசிந்தவுடன் மட்டம் கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்துக்குக் குளம் தப்பியது போலத்தான் இருக்கும். ஆனால் கசிவு ஒவ்வொரு தடவையும் கட்டை அரிக்கிறது.

மழை என்பது பிள்ளைக்கு வெளியிலிருந்து வருவது. வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், வெளிநாட்டில் இருக்கும் அம்மா, வகுப்பில் கேலி, போனில் பரவிய படம், சாதாரண தரப் பரீட்சை, யாரிடமும் சொல்லமுடியாத தொடுகை. நீர்மட்டம் என்பது உள்ளே ஏறும் பயம், கோபம், வெட்கம். வான்கதவு என்பது அழுவது, யாரிடமாவது சொல்வது, ஓடி விளையாடுவது, கும்பிடுவது, தொழுவது. பொங்கும் உணர்வை இப்படித் தாங்கக்கூடிய அளவுக்கு இறக்கிக்கொள்ளும் திறனை உணர்வு ஒழுங்குபடுத்தல் என்பார்கள். யாரும் அதோடு பிறப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளை பழகுகிறது. "பொம்பிளைப் பிள்ளை சத்தம் போடக்கூடாது", "ஆம்பிளைப் பிள்ளை அழுவதா" என்று நாமே கதவுகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டால், மிச்சம் இருப்பது கசிவு மட்டும்தான்.

காயத்தை மட்டும் பார்த்துத் திட்டுவது கசிகிற இடத்தில் களிமண் அப்புவது போன்றது. மட்டம் இறங்காமல் அந்த ஓட்டை அடைபட்டால் தண்ணீர் வேறொரு இடத்தால் வரும்.

ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்

நுளம்பு கடித்த இடத்தைச் சொறிந்தால் அந்த நிமிடம் சுகம். அடுத்த தடவை அரித்தால் யோசிக்காமலே கை அங்கே போகும். கொஞ்ச நாளில் தோல் புண்ணாகிவிடும், ஆனால் கை நிற்காது. இதற்கு உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர்: ஒரு செயலைச் செய்தவுடன் வேதனை விலகுவதால் அந்தச் செயல் பழக்கமாக வேரூன்றுவது. "எதிர்மறை" என்றதும் தண்டனை என்று நினைக்கவேண்டாம். வேதனை ஒன்று கழிகிறது என்பதே அதன் பொருள்.

உடலிலும் ஒரு காரணம் இருக்கிறது. உடல் வலி அடங்கும்போது மூளையில் ஒரு தணிவு ஏற்படுகிறது. உடல் வலியின் துன்பத்தையும் மனவலியின் துன்பத்தையும் மூளை ஓரளவுக்கு ஒரே இடங்களில்தான் கையாளுகிறது. அதனால் அந்தத் தணிவு மனவலியையும் சற்று நேரம் தொட்டுவிடுகிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை, அதற்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் வெட்கமும் குற்ற உணர்வும் சேர்ந்து மழையாகப் பெய்யும். மட்டம் மறுபடியும் ஏறும்.

எல்லோருக்கும் இதே காரணம் என்றும் இல்லை. மரத்துப்போன மனதில் எதையாவது உணரவேண்டும் என்று செய்பவர்கள் உண்டு. தன்னைத் தானே தண்டிப்பவர்களும் உண்டு. சரி, "நாலு பேர் பார்க்க" என்பது? பெரும்பாலான பிள்ளைகள் மறைக்கத்தான் பாடுபடுகிறார்கள். ஒரு பிள்ளை காட்டுகிறது என்றால், வாயால் சொல்லிப் பார்த்து யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். பசித்து அழும் குழந்தையைக் கவனம் கேட்டு நடிக்கிறது என்று நாம் சொல்வதில்லையே.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காயம் வெளியே தெரியும் கசிவு, நீர்மட்டம்தான் பிரச்சினை. பிள்ளை இதைச் செய்வது அது அப்போதைக்கு வேலை செய்வதால். வேறு கதவு திறக்காமல் நிறுத்தச் சொன்னால் நிற்காது.

முழுக்கைச் சட்டை என்ற அடையாளம்

வெளிநாட்டுக் கையேடுகளில் "வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வரும் பிள்ளையைக் கவனியுங்கள்" என்று இருக்கும். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ சம்மாந்துறையிலோ முஸ்லிம் மாணவியரின் சீருடையே முழுக்கைதான். அங்கே இந்த அடையாளத்துக்கு வேலையில்லை. காயம் கையில்தான் இருக்கும் என்றும் இல்லை.

அதனால் உடையைப் பார்ப்பதை விட மாற்றத்தைப் பாருங்கள். வலைப்பந்து அணியில் இருந்தவள் திடீரென்று விளையாட்டுப் பாடத்துக்கு ஒவ்வொரு கிழமையும் சாட்டுச் சொல்கிறாள். கேட்டால் "பூனை விறாண்டிவிட்டது டீச்சர்" என்கிறாள், அடுத்த கிழமையும் அதே பூனை. நண்பிகளோடு சாப்பிட்டவள் தனியே போய் உட்காருகிறாள். மலசலகூடத்துக்குப் போனால் வர நேரமாகிறது. இதை முதலில் காண்பவர் பலநேரம் துப்புரவு செய்யும் அம்மாதான். அவரைப் பயிற்சிக்கு அழைக்கும் பாடசாலையை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

ஒரு எச்சரிக்கை: சந்தேகம் வந்தது என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையைப் பரிசோதிக்கவேண்டாம். அப்படிச் செய்த ஒரு பாடசாலையில் அன்று இரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் எந்த ஆசிரியரிடமும் எதையும் சொல்லவில்லை.

முதல் பத்து நிமிடம்

பயிற்சியில் நான் அதிக நேரம் ஒதுக்குவது இதற்குத்தான். இரண்டு கதிரைகளை எதிரெதிரே போடச் சொல்வேன். ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவி. மாணவியாக இருப்பவர் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கவேண்டும். ஆசிரியர் முதல் வாக்கியத்தைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தடவை 25 வருடச் சேவையுள்ள கணித ஆசிரியர் ஒருவர் முன்னால் வந்தார். "ஏன் இப்படிச் செய்தனீ?" என்றார். எதிரில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும் தொடங்கச் சொன்னேன். "என்ன பிரச்சினை உனக்கு?" தலை இன்னும் குனிந்தது. மூன்றாம் தடவை "அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா?" மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கை நோகுதா மகள்?" என்றார். மாணவியாக நடித்த டீச்சர் அழுதுவிட்டார். நடிப்புக்காக அழவில்லை என்று பிறகு சொன்னார்.

"ஏன்" என்ற கேள்வி நம் வாயில் விசாரணையாகத்தான் வரும். பிள்ளைக்கே பலநேரம் ஏன் என்று தெரியாது. "கை நோகுதா", "மருந்து போடுவமா", "எவ்வளவு கஷ்டம் இருந்தால் இப்படி வந்திருக்கும்" போன்றவை பிள்ளையைப் பார்த்துக் கேட்பவை. குரலும் முகமும் முக்கியம். திடுக்கிடுவது இயல்பு, ஆனால் அந்த அதிர்ச்சி முகத்தில் தெரிந்தால் தான் ஓர் அருவருப்பான பொருள் என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

காயத்தைச் சாதாரணக் காயம் போலக் கவனியுங்கள்: கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். ஆழமாக இருந்தாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ வைத்தியசாலைக்கு. மருந்தோ வேறு எதையோ விழுங்கியதாகச் சொன்னால், பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்கு. பரசிட்டமோல் அளவுக்கு மிஞ்சினால் முதல் நாள் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஈரல் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும். "பார்ப்போம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது.

இரகசியம் எதுவரை

"யாரிடமும் சொல்லமாட்டீங்கதானே டீச்சர்?" என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். ஆம் என்று சொல்ல நெஞ்சு துடிக்கும். சொல்லாதீர்கள். காப்பாற்றமுடியாத வாக்கு அது. எதை நமக்குள் வைத்திருக்கலாம், எதைப் பாதுகாப்புக்காக இன்னொருவரிடம் சொல்லியாகவேண்டும் என்ற கோட்டை இரகசியக் காப்பின் எல்லை என்கிறோம். அதை முதலிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடவேண்டும்: "நீங்க சொல்றத ஊருக்குச் சொல்லமாட்டன் மகள். ஆனா உங்கட உயிருக்கு ஆபத்து எண்டாலோ, ஆராவது உங்களுக்குத் தீங்கு செய்யிறாங்க எண்டாலோ, உதவி செய்யக்கூடிய ஆளிட்ட சொல்லத்தான் வேணும். ஆரிட்ட, எப்பிடிச் சொல்றதெண்டு உங்களோட கதைச்சுத்தான் செய்வன்."

ஆலோசனை ஆசிரியருக்கும் அதிபருக்கும் தெரிந்தால் போதும். ஓய்வறைக்குத் தெரியவேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவுக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது.

பெற்றோருக்குச் சொல்லவேண்டுமா? பெரும்பாலும் ஆம். ஆனால் போனை எடுக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். வீட்டில்தான் ஆபத்து என்றால் வீட்டுக்கு முதலில் சொல்வது பிள்ளையைத் திரும்ப அங்கேயே தள்ளுவதாகிவிடும். துஷ்பிரயோகம் பற்றிச் சிறு அறிகுறி இருந்தாலும் அதிபர் ஊடாகப் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரை அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை நாடவேண்டும். வீடு பாதுகாப்பானது என்றால் அம்மாவை, அவர் வெளிநாட்டில் என்றால் வளர்க்கும் அம்மம்மாவை அழைத்து உட்காரவைத்து, "உங்கட பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை" என்று தொடங்குங்கள். நூல் கட்டப் போகிறோம், தண்ணீர் ஓதப் போகிறோம் என்பார்கள். அதைத் தடுத்துச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அதோடு கிளினிக்குக்கும் வரட்டும்.

கேட்கப் பயப்படும் ஒரு கேள்வி

தன்காயப்படுத்தலும் தற்கொலை முயற்சியும் ஒன்றல்ல என்று மேலே சொன்னேன். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பின்னாளில் தற்கொலை முயற்சி வரும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம். அதனால் நேராகக் கேட்டே ஆகவேண்டும்: "செத்துப்போகவேணும் எண்டு எப்பவாவது யோசிச்சிருக்கிறீங்களா?"

கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று எல்லாப் பயிற்சியிலும் யாராவது எழுந்து சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை, பலருக்கு அதைப் பேசமுடிந்ததே பாரத்தைக் குறைக்கிறது. பதில் ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலை. பொலிஸ், வழக்கு என்று பயந்து மறைப்பவர்களுக்கும் ஒரு தகவல்: இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமல்ல.

ஆசிரியரின் வேலை முதலுதவி, சிகிச்சை அல்ல. இல்ல விளையாட்டுப் போட்டியில் விழுந்து கை முறிந்த பிள்ளைக்கு மட்டை கட்டி அனுப்புகிறோமே தவிர, எலும்பைப் பொருத்தப் பார்ப்பதில்லை. இங்கேயும் அமைதியாக ஏற்றுக்கொள்வது, ஆபத்தைக் கேட்டறிவது, உரியவரிடம் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவது ஆகியவற்றோடு ஆசிரியரின் பங்கு முடிகிறது.

நல்லெண்ணத்தில் செய்யும் பிழைகள்

காலைக்கூட்டத்தில் பெயர் சொல்லாமல் அறிவுரை கூறுவது ஒன்று. பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். இந்த நடத்தை நண்பர் வட்டத்துக்குள் ஒருவரைப் பார்த்து ஒருவருக்குப் பரவக்கூடியது. இதைச் சமூகத் தொற்று என்பார்கள். எப்படிச் செய்தார், எதை வைத்துச் செய்தார் என்ற விவரம் பொதுவில் வரும்போதெல்லாம் அந்தப் பரவலுக்கு வழி திறக்கிறது. மாணவர்களிடம் பொதுவாகப் பேசவேண்டியது மனக்கஷ்டம் வந்தால் யாரிடம் போவது, நண்பி காயத்தைக் காட்டினால் எந்தப் பெரியவரிடம் சொல்வது என்பதைத்தான்.

இன்னொன்று சத்தியம் வாங்குவது. "அம்மா தலையில் அடிச்சுச் சொல்லு, இனிச் செய்யமாட்டன் எண்டு." பிள்ளை சொல்லும். மட்டம் ஏறும் இரவில் மறுபடியும் செய்யும். அப்புறம் சத்தியத்தை மீறிய குற்றமும் சேர்ந்துகொள்ளும், மறைப்பு இன்னும் ஆழமாகும். அதற்குப் பதிலாக ஒரு சின்னத் தாளில் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து எழுதுங்கள்: மனம் பொங்குவது முதலில் எப்படித் தெரிகிறது, அப்போது செய்யக்கூடிய சில காரியங்கள் (குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது, முற்றத்தில் நடப்பது, மனதில் இருப்பதைத் தாளில் எழுதிக் கிழிப்பது), அதுவும் போதாவிட்டால் யாரிடம் போவது, யாருக்குப் போன் எடுப்பது. இதைப் பாதுகாப்புத் திட்டம் என்கிறோம். பிள்ளையின் சொந்தச் சொற்களில் இருந்தால்தான் அது பயன்படும்.

பாடசாலை தயாராக இருப்பது என்றால்

ஒரு நாள் செயலமர்வு நடத்தி, படம் எடுத்து, கோப்பில் போட்டால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை. பாடசாலையில் ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கவேண்டும். காயம் கண்டவர் யாரிடம் சொல்வது, அவர் லீவில் என்றால் அடுத்தது யார், பிள்ளையோடு எந்த அறையில் இருப்பது, யார் வீட்டோடு பேசுவது, எந்த வாகனத்தில் எங்கே கொண்டுபோவது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உதவி இலக்கத்தையும் எழுதுங்கள்.

கிளினிக் போய்த் திரும்பிய பிள்ளைக்கு வகுப்பில் பழைய இடத்தை வைத்திருங்கள். தவறிய பாடக் குறிப்பை யாரிடம் எடுப்பது என்று சொல்லுங்கள். பார்வையால் கையைத் தேடாதீர்கள். மாறுவதற்கு மாதங்கள் எடுக்கும். இடையில் மறுபடி ஒரு காயம் வந்தால் எல்லாம் வீண் என்று அர்த்தமில்லை.

கேட்டுக்கொண்ட ஆசிரியரையும் யாராவது கேட்கவேண்டும். 2004 கடலையும் யுத்தத்தையும் கண்ட ஆசிரியர்கள் நம் பாடசாலைகளில் இன்னும் கற்பிக்கிறார்கள். ஒரு பிள்ளையின் கதை அவர்களுடைய பழைய இரவுகளை எழுப்பிவிடும். அப்படியான நாளில் கடைசிப் பாடத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்ள, அவர் ஒரு பிளேன்டீ குடித்து யாருடனாவது அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க அதிபர் வழி செய்யலாம்.

ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் இடமாற்றத்தில் புதியவர்கள் வருவார்கள். வரவேற்புக் கூட்டத்தில் நேரசூசியைக் கொடுக்கும்போதே அந்த ஒரு பக்கத்தையும் கொடுங்கள். இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, முதல் வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.